லினக்ஸின் முதல் வருடம் – பயன்படுத்தியவர்களின் கதை

லினக்ஸைப் பற்றிய எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரு தேதி தவறாமல் வரும்: 1991 ஆகஸ்ட் 25. அன்றுதான் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினுஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், மினிக்ஸ் பயனர்கள் கூடும் இணையச் செய்திக்குழுவில் ஒரு மடல் போட்டார். 386 கணினிகளுக்காக ஒரு இலவச இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அது வெறும் பொழுதுபோக்கு என்றும், குனு மாதிரிப் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது என்றும் அதில் சொல்லியிருந்தார். அந்தக் கணிப்பு எவ்வளவு தவறாகிப் போனது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை அதற்கு அடுத்த பன்னிரண்டு மாதங்களில் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் லினக்ஸ் கடையில் கிடைக்காது. கையேடு கிடையாது. சுட்டியால் சொடுக்க ஒரு சின்னம் கூடக் கிடையாது. கொஞ்சம் அசந்தால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும். அப்படிப்பட்ட ஒன்றை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள்? அந்தப் பயனர்கள் இல்லாமல் போயிருந்தால் லினக்ஸ் ஒரு மாணவரின் மேசையோடு முடிந்திருக்குமா?

இருந்த இயங்குதளங்கள் போதாதா?

1990 இலையுதிர் காலத்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துக்கு ஒரு மைக்ரோவேக்ஸ் கணினி வந்தது. அதில் ஓடியது அல்ட்ரிக்ஸ் என்ற யுனிக்ஸ் வகை. ஒரே நேரத்தில் 16 பேர்தான் அதில் வேலை செய்ய முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். வீட்டிலேயே யுனிக்ஸ் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதன் உரிமத்துக்கான விலை மாணவர்களுக்கு எட்டாதது.

அப்போது மாணவர்களுக்கு இருந்த ஒரே வழி மினிக்ஸ். ஆம்ஸ்டர்டாமில் பேராசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், இயங்குதளங்கள் பற்றிய தனது பாடப்புத்தகத்தோடு சேர்த்து 1987இல் வெளியிட்ட சிறிய யுனிக்ஸ் போன்ற இயங்குதளம் அது. மூலநிரல் முழுவதும் படிக்கக் கிடைக்கும். அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம்! ஆனால் அது பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்டது. புதிதாக வந்திருந்த 386 செயலியின் பலத்தை அது பயன்படுத்தவில்லை. பயனர்கள் புதுப்புது வசதிகள் கேட்டபோது, மாணவர்களுக்குப் புரியும் அளவில் சிறியதாகவே இருக்கட்டும் என்று டானன்பாம் மறுத்துவிட்டார். ஒரு ஆசிரியராக அவர் செய்தது சரிதான். ஆனால் திருத்திய மினிக்ஸை அப்படியே மற்றவர்களுக்குக் கொடுக்கவும் உரிமம் இடம் தரவில்லை. ஒவ்வொருவரும் காசு கொடுத்து மினிக்ஸை வாங்கி, பிறகு 386க்கான பேட்சுகளைத் தனியே தேடி எடுத்துத் தாங்களே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

லினுஸ் 1991 ஜனவரியில் தவணை முறையில் ஒரு 386 கணினி வாங்கினார். 33 மெகாஹெர்ட்ஸ் வேகம், 4 மெகாபைட் நினைவகம். மினிக்ஸ் ஃப்ளாப்பிகள் தபாலில் வந்து சேரும்வரை 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாடிப் பொழுதைப் போக்கினாராம். மினிக்ஸ் வந்த பிறகு, பல்கலைக்கழகக் கணினியோடு மோடம் வழியாகப் பேச அதிலிருந்த டெர்மினல் நிரல் அவருக்குத் திருப்தியாக இல்லை. அதனால் தானே ஒன்றை எழுத ஆரம்பித்தார். அதற்குக் கோப்புகளை இறக்கிச் சேமிக்கும் வசதி வேண்டும் என்றதும் டிஸ்க்கைப் படிக்கும் நிரல் எழுதினார். பிறகு கோப்பு முறைமை. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, டெர்மினல் நிரல் ஒரு இயங்குதளமாக மாறத் தொடங்கியது.

ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு திட்டம் எங்கே போனது என்று கேட்கலாம். 1983இல் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் கம்பைலர், ஷெல், எடிட்டர் எல்லாம் தயாராக இருந்தன. இயங்குதளத்தின் மையமான கெர்னல் மட்டும்தான் இல்லை. ஹர்ட் என்ற பெயரில் 1990இல் தொடங்கிய அந்த வேலை முடிந்தபாடில்லை. மறுபக்கம், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.டி. யுனிக்ஸை 386 கணினிக்குக் கொண்டுவரும் வேலையும் 1991இல் இன்னும் வெளிவரவில்லை. எல்லாம் இருந்தும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டையில்தான் லினக்ஸ் வந்து உட்கார்ந்தது.

பயன்படுத்துவது என்றால்...

1991 செப்டம்பர் 17 அன்று 0.01 பதிப்பு பின்லாந்தின் ஒரு எஃப்டிபி தளத்தில் ஏற்றப்பட்டது. சுமார் பத்தாயிரம் வரி நிரல். லினுஸ் அதற்கு 'ஃப்ரீக்ஸ்' என்று பெயர் வைக்க நினைத்திருந்தார். அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்ட ஆரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 'லினக்ஸ்' என்ற பெயரில் கோப்புறையைத் திறந்துவிட்டார். அதுவே நிலைத்துவிட்டது. இந்தப் பதிப்பைப் பற்றிப் பொது அறிவிப்பு எதுவும் இல்லை. சிலருக்குத் தனி மடல் போனதோடு சரி.

இந்த 0.01ஐக் கம்பைல் செய்யவே மினிக்ஸ் வேண்டும். விசைப்பலகை அமைப்போ பின்னிஷ் மொழிக்கு உரியது. வேறு நாட்டுக்காரர் ஒரு விசையை அழுத்தினால் திரையில் வேறு ஏதோ எழுத்து வரும்! அக்டோபர் 5 அன்று 0.02 செய்திக்குழுவில் அறிவிக்கப்பட்டது. குனுவின் ஷெல்லும் ஜிசிசி கம்பைலரும் இதில் ஓடின. தங்கள் சாதனங்களுக்குத் தாங்களே நிரல் எழுதிக்கொள்ளும் ஆசை உள்ளவர்கள் வாருங்கள் என்ற தொனியில் அந்த அறிவிப்பு இருந்தது. இதைவிட நேர்மையான விளம்பரம் இருக்க முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் ஒருவர் லினக்ஸை நிறுவிய விதம் இப்படி இருந்தது. இரண்டு ஃப்ளாப்பிகள். ஒன்றில் கெர்னல், இன்னொன்றில் அடிப்படைக் கோப்புகள். முதல் ஃப்ளாப்பியில் கணினி துவங்கும். பிறகு இரண்டாவதைச் செருக வேண்டும். எந்த டிஸ்க்கிலிருந்து கோப்புகளை எடுக்க வேண்டும் என்பதை மாற்ற, துவக்கப் பகுதியின் 508ஆவது பைட்டில் இருக்கும் எண்ணைக் கையால் திருத்த வேண்டும். எல்லாம் சரியாக நடந்தால் திரையில் ஷெல் வந்து நிற்கும். பயனர் பெயரும் கேட்காது, கடவுச்சொல்லும் கேட்காது. நேராக நிர்வாகி அதிகாரம்தான். ஒரு கட்டளையைத் தப்பாக அடித்தால் தடுக்க ஆளில்லை.

கோளாறு வந்தால்? லினுஸுக்கு மின்னஞ்சல். பெரும்பாலும் பதிலும் வரும், சில சமயம் திருத்திய பதிப்பே வரும். பதில் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் தாங்களே திருத்தி அவருக்கு அனுப்பினார்கள். அமெரிக்க, ஜெர்மன், பிரெஞ்சு விசைப்பலகைகள் இப்படித்தான் லினக்ஸுக்குள் வந்தன. பழைய மூலநிரலில் விசைப்பலகைக்கான கோப்பைத் திறந்தால், அவற்றை அனுப்பிய பயனர்களுக்கு நன்றி சொல்லும் வரிகள் இன்றும் இருக்கின்றன. தன் ஊர் விசைப்பலகையில் தட்டினால் சரியான எழுத்து வர வேண்டும் என்பதுதான் அவர்கள் தேவை. தேவை தீர்ந்ததும் அது அடுத்தவருக்கும் உதவியது.

இரண்டு மெகாபைட்காரர்

இந்த வருடத்தின் முக்கியமான சம்பவம் 1991 டிசம்பரில் நடந்தது. ஜெர்மனியில் ஒரு பயனரிடம் 2 மெகாபைட் நினைவகம் கொண்ட கணினிதான் இருந்தது. அதில் லினக்ஸ் ஓடியது. ஆனால் லினக்ஸையே அதில் கம்பைல் செய்யலாம் என்றால் ஜிசிசி கம்பைலருக்கு இடம் போதவில்லை. நினைவகம் குறைவாகத் தேவைப்படும் வேறு கம்பைலரைப் பயன்படுத்த முடியுமா என்று அவர் கேட்டார்.

லினுஸிடம் இருந்தது 4 மெகாபைட். அவருக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. இருந்தாலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் உட்கார்ந்து, நினைவகம் போதாதபோது ஹார்ட் டிஸ்க்கைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதியை எழுதினார். படிக்கும் மேசையில் இடம் போதாதபோது இப்போதைக்குத் தேவையில்லாத புத்தகங்களை அலமாரிக்கு மாற்றி, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்வோம் அல்லவா? அதே வேலைதான். கணினியில் 2 மெகாபைட்தான் இருந்தாலும் நிரல்களுக்கு அதைவிட அதிகம் இருப்பது போலத் தோன்றும்.

ஒரே ஒருவரின் கஷ்டத்துக்காக எழுதப்பட்ட அந்த வசதி 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் சேர்ந்தது. அது மினிக்ஸில் இல்லாத வசதி. அதுவரை மினிக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை, அன்றுமுதல் மினிக்ஸில் முடியாததைச் செய்ய ஆரம்பித்தது. விரல் விட்டு எண்ணும்படி இருந்த பயனர்கள் நூற்றுக்கணக்கில் ஆனதும் இந்தச் சமயத்தில்தான்.

லினுஸுமே அந்தக் குளிர்காலத்தில்தான் முழு லினக்ஸ் பயனராக மாறினார். அதுவும் ஒரு விபத்தால்! மோடத்துக்குப் போக வேண்டிய, பல்கலைக்கழகத்தைத் தொலைபேசியில் அழைக்கும் கட்டளையைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார். அதில் மினிக்ஸ் இருந்த பகுதி நாசமாகிவிட்டது. மறுபடி மினிக்ஸை நிறுவலாமா என்று யோசித்தவர், லினக்ஸே போதும் என்று முடிவு செய்தார். தான் செய்த பண்டத்தைத் தானே தினமும் சாப்பிட்டாக வேண்டிய நிலை. சமையல் சரியாவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

காசு வாங்கலாமா?

மூலநிரலை எல்லோருக்கும் தர வேண்டும், ஆனால் யாரும் காசு வாங்கக் கூடாது. லினக்ஸின் முதல் உரிமம் இதுதான். பிரதி எடுத்துக் கொடுக்கும் செலவுக்குக் கூட வாங்கக் கூடாது என்று அது சொன்னது. கேட்கும்போது உயர்ந்த கொள்கையாகத்தான் தோன்றும்.

நடைமுறையில் அது பயனர்களின் கையைக் கட்டிப்போட்டது. 1991இல் வீட்டில் இணைய இணைப்பு வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானவர்களுக்கு லினக்ஸ் கிடைக்க வேண்டுமானால் யாராவது ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தால்தான் உண்டு. கணினி ஆர்வலர்களின் கூட்டங்களில் அப்படிப் பிரதி எடுத்துக் கொடுக்க விரும்பியவர்கள், ஃப்ளாப்பி வாங்கிய காசையாவது வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே? நூறு பேருக்குக் கொடுக்க நினைப்பவர் நூறு ஃப்ளாப்பிகளைத் தன் கைக்காசில் வாங்க முடியாது.

லினுஸ் யோசித்தார். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், திருத்தங்கள் திரும்பி வர வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது. காசு வாங்குவதைத் தடுப்பது அதற்கு அவசியமில்லை. குனு திட்டத்தின் ஜி.பி.எல். உரிமம் இதையே சொல்லியது. யார் வேண்டுமானாலும் விற்கலாம், ஆனால் வாங்குபவருக்கு மூலநிரலையும் அதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். 0.12 பதிப்போடு வந்த குறிப்பில், 1992 பிப்ரவரி 1 முதல் உரிமம் ஜி.பி.எல். ஆக மாறும் என்று அறிவித்தார்.

பின்னாளில் லினக்ஸை விற்றும் ஆதரவுச் சேவை கொடுத்தும் வளர்ந்த நிறுவனங்கள் எல்லாம் இந்த ஒரு மாற்றத்தின் மேல்தான் நிற்கின்றன. அதற்குக் காரணம் ஏதோ பெரிய நிறுவனத்தின் கோரிக்கை என்று நினைத்தால் அது தப்பு. ஃப்ளாப்பிக் காசைக் கேட்ட சாதாரணப் பயனர்கள்தான்.

லினுஸுக்கும் பணம் அனுப்ப பலர் முன்வந்தார்கள். வேண்டாம், உங்கள் ஊரிலிருந்து ஒரு அஞ்சலட்டை போடுங்கள் என்றார் அவர். ஜப்பான், நியூசிலாந்து, நெதர்லாந்து என்று பல நாடுகளிலிருந்து அட்டைகள் வந்து குவிந்தன. கணினித் தவணைக் கடனைக் கூடப் பிறகு பயனர்களே இணையத்தில் வசூல் செய்து அடைக்க உதவினார்கள்.

பேராசிரியர் கொடுத்த மதிப்பெண்

1992 ஜனவரி 29 அன்று, லினக்ஸ் காலாவதியானது என்ற தலைப்பில் டானன்பாமே செய்திக்குழுவில் எழுதினார். கெர்னலுக்குள் எல்லாவற்றையும் ஒரே நிரலாகக் கட்டுவது 1970களுக்குத் திரும்பிப் போவது, சிறு கெர்னலும் தனித்தனிச் சேவைகளும்தான் எதிர்காலம் என்றார். லினக்ஸ் 386 செயலியோடு பிணைந்து கிடப்பதையும் குறையாகச் சொன்னார். இப்படி ஒரு வடிவமைப்புக்குத் தன் வகுப்பில் நல்ல மதிப்பெண் கிடைக்காது என்றும் பின்னர் குத்திக் காட்டினார். லினுஸ் காரமாகவே பதில் எழுதினார். பிறகு அந்தத் தொனிக்காக மன்னிப்பும் கேட்டார்.

டானன்பாம் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அன்றைய லினக்ஸ் வேறு செயலிகளில் ஓடாது என்பது நிஜம். ஏட்டில் பார்த்தால் ஹர்ட்டின் வடிவமைப்பு அழகானதுதான். குனுவின் கெர்னல் தயாராக இருந்திருந்தால் லினக்ஸைத் தொடங்கியே இருக்க மாட்டேன் என்று லினுஸும் அந்த விவாதத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் பயனர்கள் கேட்ட கேள்வி வேறு. இன்றைக்கு ராத்திரி என் கணினியில் எது ஓடும்? எது உடைந்தால் நானே திருத்தலாம்? திருத்தியதை யாருக்கு அனுப்பினால் எடுத்துக்கொள்வார்கள்? இந்த மூன்று கேள்விக்கும் அந்தக் குளிர்காலத்தில் லினக்ஸ் ஒன்றுதான் பதில் வைத்திருந்தது.

வாசல் அகலமாகிறது

1992 வசந்த காலத்தில் வேகம் கூடியது. மார்ச்சில் பதிப்பு எண் 0.12இலிருந்து ஒரேயடியாக 0.95க்குத் தாவியது. 1.0 பக்கத்தில் வந்துவிட்டது என்று லினுஸுக்கு நம்பிக்கை. (நெட்வொர்க் வசதி நினைத்ததைவிடப் பெரிய வேலையாகி, 1.0 வர 1994 மார்ச் 14 ஆனது!) ஓரெஸ்ட் ஸ்போரோவ்ஸ்கி என்பவர் எக்ஸ் விண்டோவை லினக்ஸில் ஓட வைத்தார். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டுமே பார்த்த பயனர்களுக்கு முதன்முதலாக ஜன்னல்களும் சுட்டியும் வந்தன. மினிக்ஸிலிருந்து இரவல் வாங்கிய கோப்பு முறைமையில் 64 மெகாபைட்டுக்கு மேல் போக முடியாது, கோப்புப் பெயரில் 14 எழுத்துக்கு மேல் வைக்க முடியாது. அந்தக் கட்டை ரெமி கார்ட் எழுதிய புதிய கோப்பு முறைமை ஏப்ரலில் உடைத்தது.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. 1992 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் கணினி மையத்தில் ஓவன் லெ பிளாங்க், லினக்ஸை எளிதாக நிறுவ ஒரு தொகுப்பு தயாரித்தார். அதே வருடம் பீட்டர் மெக்டொனால்டின் எஸ்.எல்.எஸ். தொகுப்பு வந்தது. அதில் எக்ஸ் விண்டோவும் சேர்ந்தே இருந்தது. 508ஆவது பைட்டைத் திருத்தத் தெரியாதவர்களும் இனி லினக்ஸை நிறுவலாம். நிரல் எழுதாத பயனர்கள் வர ஆரம்பித்தார்கள். எஸ்.எல்.எஸ்.ஸின் பிழைகளைப் பொறுக்க முடியாத பயனர்கள்தான் 1993இல் ஸ்லாக்வேரையும் டெபியனையும் உருவாக்கினார்கள். அதிருப்தி அடைந்த பயனர் புகார் எழுதிவிட்டு ஒதுங்கவில்லை, அடுத்த வழங்கலைத் தொடங்கினார்.

இதே காலத்தில் பி.எஸ்.டி.க்கு என்ன ஆனது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 386பி.எஸ்.டி.யின் 0.1 பதிப்பு 1992 ஜூலையில் வந்தது. லினக்ஸைவிட முதிர்ச்சியான, பல வருடம் பழுத்த நிரல் அது. ஆனால் பயனர்கள் அனுப்பிய திருத்தங்களைச் சேர்த்துப் புதிய பதிப்பு வருவது தாமதமானது. பொறுமை இழந்தவர்கள் பேட்சுகளைத் தாங்களே தொகுத்துச் சுற்றுக்கு விட்டு, கடைசியில் 1993இல் நெட்பி.எஸ்.டி., ஃப்ரீபி.எஸ்.டி. என்று தனித்தனியாகப் பிரிந்தார்கள். போதாக்குறைக்கு 1992இல் ஏ.டி.&டி.யின் யுனிக்ஸ் நிறுவனம் பி.எஸ்.டி.யை விற்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. 1994இல் சமரசம் ஆகும்வரை பி.எஸ்.டி.யின் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. நிரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பயனரின் திருத்தம் திரும்பிப் போக வழியில்லை என்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஒரு பாடம்.

அந்த ஒரு வருடம் சொல்வது

முதல் பதிப்பில் சுமார் பத்தாயிரம் வரியாக இருந்த லினக்ஸ், 1.0இல் 1,76,250 வரிகளாக நின்றது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அனைத்தும் லினக்ஸில் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடியிலும் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். 386ஐத் தாண்டாது என்று திட்டு வாங்கிய அதே நிரல் இன்று எண்ணற்ற செயலி வகைகளில் ஓடுகிறது. இந்தப் பெருமையைச் சொல்லும்போது ஹெல்சிங்கியின் தனிமையில் ஒரு மேதை உட்கார்ந்து எழுதினார் என்று கதையை முடித்துவிடுவது வழக்கம்.

முதல் வருடத்தைக் கூர்ந்து பார்த்தால் அந்தக் கதை பாதிதான் என்று தெரியும். விசைப்பலகை சரியில்லை என்றவர், நினைவகம் போதவில்லை என்றவர், ஃப்ளாப்பிக் காசை யார் தருவது என்று கேட்டவர். இவர்களின் கேள்விகள்தான் லினக்ஸின் திசையைத் தீர்மானித்தன. லினுஸின் பெரிய திறமை, அந்தக் கேள்விகளைத் தொந்தரவு என்று தள்ளாமல் உட்கார்ந்து பதில் எழுதியது. தனக்கு 4 மெகாபைட் இருக்கிறது, 2 மெகாபைட்காரருக்கு ஏன் வேலை செய்ய வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை.

திறமூல மென்பொருளுக்கு உதவ நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்து ஒதுங்கி நிற்கும் மாணவர்கள் நிறையப் பேர். அவர்கள் அந்த ஜெர்மன் பயனரை நினைத்துக்கொள்ளலாம். வரலாற்றை நகர்த்த அவர் செய்தது இவ்வளவுதான்: பயன்படுத்திப் பார்த்தார், எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்தார், அதைத் தெளிவாக எழுதிக் கேட்டார்.